பதினாலு பேரை எண்ணினேன்

இதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் கதை விடுறான்" என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்குக் கதை விடத் தெரியாது. நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். காலையில் நாற்பத்திரண்டு குழந்தைகளை ஏற்றினால் பள்ளிக்கூட வாசலில் நாற்பத்திரண்டு தலை இறங்க வேண்டும். இறங்கிய பிறகும் கடைசி சீட் வரை நடந்துபோய், குனிந்து, சீட்டுக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸைப் பூட்டுவேன். பதினாறு வருஷத்தில் ஒரு நாள்கூட எண்ணிக்கை தப்பியதில்லை.

அதனால்தான் எங்கள் சைக்கிள் குழுவில் என்னைக் 'கடைசி ஆள்' ஆக்கினார்கள்.

குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மலையடிவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே கால்வாயை ஒட்டி ஒரு வெள்ளை ஜல்லிப் பாதை இருக்கிறது. கால்வாயைப் பராமரிக்கிறவர்களுக்காகப் போட்டது. நுழைகிற இடத்தில் பெரிய கேட் பூட்டியே இருக்கும். ஓரத்தில் சைக்கிள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. உள்ளே போய்விட்டால் இருபத்து மூன்று கிலோமீட்டருக்குக் காரும் இல்லை, லாரியும் இல்லை. வாரம் ஆறு நாள் ஹாரன் சத்தத்தில் சாகிறவனுக்கு அது சொர்க்கம். ஜல்லிமேல் டயர் உருளும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதைக் கேட்கவே போவேன்.

அந்தப் பாதை ஏழு இடத்தில் இரண்டாகப் பிரியும். காலையில் டாக்டர் முன்னால் போய், ஒவ்வொரு பிரிவிலும் சரியான பாதையின் பக்கம் கிளையில் ஓர் ஆரஞ்சு ரிப்பன் கட்டுவார். திரும்பி வரும்போதும் அதுதான் எல்லோருக்கும் வழிகாட்டி. எல்லோரும் தாண்டிய பிறகு, கடைசி ஆள் அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டும். நடுவில் மாடுகளுக்காக இரண்டு சின்னக் கேட் உண்டு. கடைசி ஆள் அதைச் சாத்திவிட்டு, "கடைசி!" என்று கத்துவான். முன்னால் போகிறவர்கள் சைக்கிள் மணி அடித்துப் பதில் சொல்வார்கள். எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அதற்கு அர்த்தம். யாராவது பின்னால் இருக்கும்போது நான் ரிப்பனை அவிழ்த்துவிட்டால், அந்த ஆளின் கதி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அன்று என் மச்சானும் வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால் குழுவில் அவனுக்கு முதல் நாளே 'மாத்திரை' என்று பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். தங்கமான பையன், ஒரே குறை அவனுடைய குறட்டை. அவன் படுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். என் மகள் அவன் அறைக்கு 'மாவு மில்' என்று பேர் வைத்திருக்கிறாள்.

அவர்களுடைய அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. என் மனைவிதான் அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தாள். அன்று காலையில் கார் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து நின்றாள்.

"அவனுக்கு இது புதுசு. பாத்துக் கூட்டிட்டு வாங்க."

"நான் எண்ணாத ஆளா? முழுசா கொண்டாந்து சேக்குறேன்" என்றேன்.

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

காலை 7:10. கேட்டில் வாட்ச்மேன் எங்களை எண்ணி நோட்டில் எழுதினார். என்னோடு சேர்த்துப் பதினைந்து பேர். பாதையின் கோடியில் ஒரு பழைய பம்ப் ஹவுஸ். அங்கே உட்கார்ந்து பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். மதியத்துக்கு மேல் தூறல் பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. மாத்திரை நீல மழைக்கோட்டை மாட்டிக்கொண்டான். சார்ஜ் தீர்ந்துபோன தன் போனை, நனையாமல் இருக்க என் பையில் போட்டான்.

2:00 மணிக்குக் கிளம்பினோம். வழக்கம்போல நான் சுவர் ஓரமாக நின்று, கடந்து போகிற ஒவ்வொருவரையும் விரல் விட்டு எண்ணினேன். பதிமூன்று பேர் போனார்கள். கொஞ்சம் இடைவெளி. பிறகு நீல மழைக்கோட்டு. பதினாலு.

"ஏன்டா பின்தங்கிட்டே?" என்றேன்.

தலையை மூடியிருந்த தொப்பி திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. முன்னால் போன பதிமூன்று சைக்கிளுக்கும் ஜல்லி கரகரத்தது. அவன் சைக்கிளுக்குச் சத்தமே இல்லை... மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2:25. முதல் கேட். சாத்தினேன். "கடைசி!" என்று கத்தினேன்.

கிணிங்... கிணிங்...

மணி அடித்தது. ஆனால் பின்னாலிருந்து.

மலையில் மோதி எதிரொலிக்கிறது என்று நினைத்து ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வந்தேன். 3:05. இரண்டாவது கேட். மறுபடியும் கத்தினேன். மறுபடியும் பின்னாலிருந்து அதே மணி. அவசர அவசரமாக, யாரோ கட்டைவிரல் வலிக்க வலிக்க அடிப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பனிமூட்டம்தான். அப்போதே நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பதினாலு எண்ணிவிட்டேன் என்ற திமிர்.

3:50. பெரிய கேட்டுக்கு வெளியே வந்தேன். மழையில் ஆளாளுக்குச் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் டாக்டர்.

"பதினாலும் வந்தாச்சு சார்."

என் கார் பக்கம் போனேன். மாத்திரை இல்லை. அவன் சைக்கிளும் இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் பார்த்தேன். மற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். டாக்டரிடம் கேட்டேன்.

"எனக்குப் பக்கத்துலதானே வெளிய வந்தான்? நீலக் கோட்டு. நிக்காம அப்படியே ரோட்டுல இறங்கிப் போனான்."

எங்கள் வீடு அங்கிருந்து இருபது கிலோமீட்டர். கார் இருக்கும்போது, கொட்டுகிற மழையில், சொல்லாமல் கொள்ளாமல் எதற்குப் போக வேண்டும்? டாக்டர் காரில் நாலு கிலோமீட்டர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லப்பா."

வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். "பதினஞ்சு பேர் உள்ள போனீங்க. பதினஞ்சு பேர் வெளிய வந்துட்டீங்க. என் கையால எழுதியிருக்கேன்."

அப்போது கேட்டுக்கு உள்ளேயிருந்து, எங்கோ தூரத்தில்...

கிணிங்... கிணிங்...

நான் கேட்டை நோக்கித் திரும்பினேன். மற்ற இருவருக்கும் அது கேட்கவில்லை.

என் பைக்குள் கை விட்டேன். ஏழு ரிப்பன்கள், ஈரமாக, சுருட்டி வைத்தபடி இருந்தன. ஒருவேளை அவன் உள்ளே இருந்தால்? வழி தெரியாத பையன். கையில் போன் இல்லை. அவன் வீடு திரும்ப இருந்த ஏழு அடையாளத்தையும் என் கையால் அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"சார், நான் உள்ள போறேன். நீங்க ஊருக்குள்ள போய் ஆளக் கூட்டிட்டு வாங்க."

"மழையில தனியாவா? அவன்தான் வெளிய..."

அவர் முடிப்பதற்குள் நான் சந்துக்குள் நுழைந்துவிட்டேன். 4:35.

எப்படி மிதித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு பிரிவிலும் நின்று, "மாத்திரை! டேய் மாத்திரை!" என்று கத்தினேன். தொண்டை கட்டிப்போனது. விசில் ஊதினேன். கடைசி ஆளுக்கு மணி கிடையாது, விசில்தான். என் மனைவியின் முகம்தான் கண்முன் நின்றது. அவளிடம் போய் என்ன சொல்வது? எண்ணினேன், ஆனால் யாரை எண்ணினேன் என்று தெரியவில்லை என்றா?

5:15. இரண்டாவது கேட், நான் சாத்திய மாதிரியே இருந்தது.

5:45. கால்வாய், ஓர் ஓடைக்கு மேலே பாலமாகப் போகிற இடம். அதற்குப் பக்கத்தில் பாதை பிரிகிறது. வலது பக்கம் எங்கள் வழி. இடது பக்கம் யாரும் போகாத பழைய வழி. இடது பக்க ஈர ஜல்லியில் ஒரு டயர் தடம் தெரிந்தது. ஒரே ஒரு தடம். உள்ளே போயிருந்தது, திரும்பி வரவில்லை.

கேட்டில் சிக்னல் கிடையாது; அந்த வழியெங்கும் போனில் சிக்னல் கிடைப்பது அந்தப் பாலத்தின் மேல் மட்டும்தான். ஏறி நின்று பார்த்தேன். ஒரு கோடு. சார்ஜ் நாலு சதவீதம். வீட்டுக்குப் போட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கேளு... தம்பி..."

"நல்ல ஆளுங்க நீங்க!" என்றாள் என் மனைவி. "மழையில அவனத் தனியா அனுப்பிட்டு எங்க சுத்திட்டு இருக்கீங்க?"

"என்ன சொன்ன?"

"தொப்பலா நனைஞ்சு வந்து நிக்கிறான். வந்து அரை மணி நேரம் ஆச்சு. நான்தான் கதவத் தொறந்தேன். ஒரு வார்த்தை பேசல. நேரா உள்ள போய்ப் படுத்துட்டான்."

நான் அப்படியே பாலத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தேன், அழுதேன், அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறந்தது முதல் அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. "சரி வச்சிடு, வந்துடறேன்" என்று சொல்லி, சைக்கிளைத் திருப்பப் போனேன்.

கிணிங்...

இடது பக்கப் பாதையிலிருந்து.

கிணிங்... கிணிங்... கிணிங்...

போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம்... அவன் மூஞ்சியப் பாத்தியா?"

"எங்க பாக்குறது? தொப்பியக் கூடக் கழட்டல. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். ஏன்?"

ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"குறட்டை விடுறானா?"



"அதாங்க எனக்கும் ஆச்சரியமா இருக்கு" என்றாள். "மூச்சு விடுற சத்தம்கூட இல்ல."

போனுக்குள் கத்தினேன்.

"பாப்பாவத் தூக்கிக்கோ. வெளிய போ. எதிர் வீட்டுக்குப் போ. அவனக் கூப்பிடாத, தொடாத..."

"என்னங்க உளர்றீங்க? தம்பிதாங்க அது..."

போன் அணைந்துவிட்டது. 5:53.

என் மனைவியும் எட்டு வயது மகளும் அந்த வீட்டில். கூட... அது. இங்கே, இடது பக்கப் பாதையில், திரும்பி வராத ஒரு டயர் தடம். நான் ஒருவன்தான். எந்தப் பக்கம் போவது? வீட்டுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் எது நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும். நெஞ்சில் அடித்துக்கொண்டேன். வாய்விட்டுக் கதறினேன். கேட்க ஆள் இல்லை.

இடது பக்கம் திரும்பினேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. ஜல்லி பெரிய பெரிய கல்லாக மாறியது. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன். நான் நின்றால் மணி அடிக்கும். நடந்தால் நின்றுவிடும்.

6:05. கிணிங்.

6:11. கிணிங். முன்பைவிடக் கிட்டத்தில்.

6:17. எனக்குப் பத்தடி முன்னால் அடித்தது. சைக்கிளில் மாட்டியிருந்த டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

மழை மட்டும்.

இன்னும் இரண்டடி வைத்தேன். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பாதைக்குக் கீழே ஓடிய சின்ன வாய்க்காலின்மேல் இருந்த பாலம் இடிந்து, பெரிய பள்ளமாகக் கிடந்தது. கீழே தண்ணீர் ஓடும் சத்தம். அதற்கு நடுவே...

"மாமா..."

6:20. மாத்திரை கழுத்தளவு தண்ணீரில் இருந்தான். நீல மழைக்கோட்டு. கால் கல்லுக்கு அடியில் மாட்டியிருந்தது. மலையில் பெய்த மழைக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. நான் குதித்தேன். எங்கிருந்து பலம் வந்ததோ, இருட்டில் துழாவி அந்தக் கல்லைப் புரட்டினேன். அவனை மேலே இழுத்துப் போட்டபோது தண்ணீர் என் வாய் வரை வந்திருந்தது.

வயிற்றைக் கலக்கியதால் பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறான். "மாமா, அஞ்சு நிமிஷம்" என்று கத்தியது எனக்குக் கேட்கவில்லை. வந்து பார்த்தால் யாரும் இல்லை. ரிப்பன்களும் இல்லை. வழி தவறி வந்து, இடிந்த பாலத்தில் சைக்கிளோடு விழுந்திருக்கிறான். இதையெல்லாம் பிறகு சொன்னான். அப்போது பற்கள் கிட்டியபடி அவன் கேட்டது ஒன்றுதான்.

"இவ்ளோ நேரம் மணி அடிச்சிட்டே இருந்தது நீங்கதானே மாமா? அதுக்குத்தான் தூங்காம முழிச்சிருந்தேன்."

என் சைக்கிளில் மணி இல்லை. அவன் சைக்கிளிலும் இல்லை.

"பாப்பா... பாப்பா..." என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். டாக்டர் ஜீப்போடும் ஆட்களோடும் வந்து சேர்ந்தபோது 7:40. அவருடைய போனில் சிக்னல் வந்ததும் எதிர் வீட்டுக்குப் பேசினேன். என் மனைவிதான் எடுத்தாள். மகள் அவள் மடியில் இருந்தாள்.

போன் அணைந்ததும் அவள் அறை வாசலுக்குப் போயிருக்கிறாள். நான் சொன்னதைக் கேட்காமல் "தம்பி" என்று கூப்பிட்டிருக்கிறாள். படுத்திருந்தது ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டியது. வளர்த்தவளுக்குத் தெரியாதா? அது அவன் கையில்லை. மகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்து, வெளியிலிருந்து பூட்டுப் போட்டிருக்கிறாள். எதிர் வீட்டு வாசலிலிருந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். யாரும் வெளியே வரவில்லை. அக்கம்பக்கத்து ஆட்களோடு பூட்டைத் திறந்து பார்த்தபோது உள்ளேயும் யாரும் இல்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. மெத்தை நனைந்து கிடந்தது. அதன்மேல் ஒரு கைப்பிடி வெள்ளை ஜல்லி.

மூன்று வாரம் கழித்து அந்த இடிந்த பாலத்தைச் செப்பனிடப் போனவர்கள், கல்லுக்கு அடியில் இன்னொரு சைக்கிளை எடுத்தார்கள். அதனோடு எலும்புகளும் இருந்தன. டாக்டரோடு நானும் போய்ப் பார்த்தேன். கைப்பிடியில் ஒரு மணி இருந்தது. துருவேறி ஒரே இரும்புக் கட்டியாக இறுகிப்போயிருந்தது. அதை யாராலும் அடிக்க முடியாது.

வாட்ச்மேன் பழைய நோட்டுகளைக் கிளறினார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு குழு. உள்ளே போனவர்கள் ஒன்பது. வெளியே வந்தவர்கள் ஒன்பது. அந்த ஒன்பதில் ஒருவர், வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலிருந்து காணவில்லை என்று போலீஸில் எழுதியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் தேடினார்கள். ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். குடும்பத்தை விட்டு ஓடிவிட்டார் என்று பேசினார்கள். மலைப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. அவர்தான் வீட்டுக்கு வந்துவிட்டாரே!

மணி அடித்தது அவரா? என் வீட்டில் வந்து படுத்தது எது? எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி சொல்லவும் மாட்டேன்.

எலும்புகளை வாங்க அவருடைய மனைவி வந்திருந்தார். அழவில்லை. பதினோரு வருஷமும் அழுது தீர்த்திருப்பார். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று என் நாக்கு துடித்தது. கேட்கக்கூடாது என்றும் தெரிந்தது. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அக்கா... உங்க வீட்டுக்காரர் குறட்டை விடுவாரா?"



"வீடே அதிரும்" என்றார். "அன்னிக்கு மட்டும் சத்தமே இல்ல. அசதியில நல்லாத் தூங்குறாருன்னு, போர்வைய இழுத்துப் போத்திவிட்டு, நானும் பக்கத்துலயே படுத்துக்கிட்டேன்."